நிலவியல் படிக்காத ஒருவர் கடற்கரைப் பாறைகளைப் பார்க்க எங்கே போகலாம், எதைக் கவனிக்கலாம்?

"கடற்கரைக்குப் போனால் அரை மணி நேரத்தில் அலுத்துவிடுகிறது. பாறைகளைப் பார்ப்பதற்கென்றே ஒரு பயணம் போகலாமா, அதற்குப் படிப்பு வேண்டுமா?" என்று கேள்வியின் விளக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். போகலாம். படிப்பெல்லாம் வேண்டாம். நான் படித்தது பி.காம்., மதுரையில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். கடந்த சில வருடங்களில் நான்கு முறை தென்கோடிக் கடற்கரையில் பாறை பார்க்கவென்றே போய் வந்திருக்கிறேன். முதல் முறை தனியாக, அடுத்த மூன்று முறையும் அம்மாவோடு. பாறை என்று சொன்னால் அம்மா வரமாட்டார். கோயில் என்று சொல்லித்தான் கிளப்பினேன். நல்லவேளை, இந்தக் கரையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன.

நான் சொல்லும் வழி இது. நாகர்கோவிலில் இறங்கி முட்டம், அங்கிருந்து கன்னியாகுமரி, பிறகு கடற்கரைச் சாலையைப் பிடித்து மணப்பாடு, திருச்செந்தூர், கடைசியில் ராமேஸ்வரமும் தனுஷ்கோடியும். மூன்று நாளில் முடிக்கலாம், நான்கு நாள் இருந்தால் நிம்மதி. வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம். முட்டத்தில் நீங்கள் மிதிக்கும் கல், இப்போதிருக்கும் உருவத்தை எடுத்துச் சுமார் 55 கோடி ஆண்டுகள் ஆகின்றன. கிழக்கே போகப் போகக் கல்லின் வயது சரசரவென்று இறங்கும். கல் என்றாலே ஆதிகாலத்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சில கற்கள் நம் கோயில் கல்வெட்டுகளைவிட இளையவையாக இருக்கலாம் என்பது திருச்செந்தூரில்தான் எனக்கு உறைத்தது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முட்டத்துக்கு எல்லோரும் சூரியன் மறைவதைப் பார்க்கத்தான் வருகிறார்கள். நீங்கள் காலையில் போங்கள், கூட்டம் இருக்காது, சாய்ந்த வெயிலில் கல்லின் வரிகளும் நன்றாகத் தெரியும். கலங்கரை விளக்கப் பக்கம் கடலோரமாக, நெல் அவிக்கும் அண்டாக்களைக் கவிழ்த்து வைத்தது போல உருண்டு திரண்ட பாறைகள் கிடக்கும். தூரத்தில் நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். ஒரு பாறையைத் தேர்ந்தெடுத்து அதன் முன்னால் உட்காருங்கள். வெளுப்பும் கறுப்புமாகப் பட்டை பட்டையாக வரிகள் ஓடும். சில இடத்தில் நேராக, சில இடத்தில் புடவைக் கொசுவம் போல மடிந்து மடிந்து. இவ்வளவு கெட்டியான கல் மடிய வேண்டுமென்றால் அது எவ்வளவு சூட்டில் இளகிக் கிடந்திருக்க வேண்டும்! இந்தப் பட்டைக் கல்லுக்குப் பெயர் 'நைஸ்'. கைவைத்தால் அப்படி ஒன்றும் நைஸாக இருக்காது.

வரிகளுக்கு நடுவே மாதுளை முத்து நிறத்தில் புள்ளிகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். அவைதான் கார்னெட். நவரத்தினத்தில் வரும் கோமேதகம் இதே குடும்பத்துக் கல்தான், வேறு வகை. ஒரு காலத்தில் களிமண்ணும் மணலுமாகப் படிந்த பொருள், சுமார் 20 கிலோமீட்டர் ஆழத்துக்குப் புதைந்து, 800 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் வெந்தபோது இந்தச் சிவப்பு மணிகள் உள்ளே விளைந்தன. இதை முதலில் படித்தபோது எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. முட்டத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் கணக்கின் மறுபக்கம் புரிந்தது. 20 கிலோமீட்டர் ஆழத்தில் இருந்த கல் இன்று என் கால் பக்கத்தில் இருக்கிறது என்றால், அதற்கு மேலே இருந்த 20 கிலோமீட்டரும் எங்கே போயிற்று? மழையும் ஆறும் காற்றும் அத்தனையையும் கரைத்துக் கொண்டுபோய்விட்டன. அண்ணாந்து பார்த்தேன், கொஞ்சம் தலை சுற்றியது.

அந்த யோசனையிலேயே எழுந்து நடந்ததில் பச்சைப் பாசியில் கால் வைத்துவிட்டேன். முழங்கால் தோல் போனது, போன் இரண்டு பாறைகளுக்கு நடுவில் போனது. வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர்தான் கம்பியை வளைத்து எடுத்துக் கொடுத்தார். "பச்சையா இருக்க கல்லுல மிதிக்காதயும் தம்பி, கறுப்பா காஞ்ச கல்லுல மிதிச்சு வாரும்" என்றார். இந்தப் பதிலில் வேறு எதை மறந்தாலும் அதை மறக்காதீர்கள்.

பட்டைக் கல்லோடு, பச்சை கலந்த கருமையில், எண்ணெய் தடவியது போல மினுக்கும் இன்னொரு கல்லையும் இந்தப் பக்கம் பார்ப்பீர்கள். அது சார்னோக்கைட். பெயர் வந்த கதை வேடிக்கையானது. கல்கத்தாவோடு சேர்த்துப் பேசப்படும் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக் 1690-களில் இறந்தபோது, அவர் கல்லறைக்கு நம் சென்னைப் பக்கத்துக் கல்லைக் கொண்டுபோய் வைத்தார்கள். இருநூறு ஆண்டு கழித்து, நிலவியல் துறையில் இருந்த தாமஸ் ஹாலந்து, பல்லாவரம், பரங்கிமலைப் பாறைகளை ஆராய்ந்தபோது அந்தக் கல்லறைக் கல்லை நினைவில் வைத்து இந்தப் பெயரைச் சூட்டினார். மாமல்லபுரத்துச் சிற்பங்களும் இந்த வகைக் கல்லில் செதுக்கியவைதான். வழிகாட்டிகள் கிரானைட் என்று சொல்வார்கள், அதற்காகச் சண்டை போட வேண்டியதில்லை.

கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் படகில் போவதைப் பற்றி நான் சொல்ல வேண்டாம், போய்விடுவீர்கள். வரிசையில் நின்று அக்கரை சேர்ந்தபின் சிலையை மட்டும் பார்க்காமல் காலடியையும் பாருங்கள், அதுவும் முட்டத்துக் கல்லின் சொந்தக்காரன்தான். இதே காலத்தில், இதே மாதிரி வெந்த கற்கள் இலங்கையின் மலைநாட்டிலும், மடகாஸ்கரின் தெற்கிலும், கிழக்கு அண்டார்டிகாவிலும் இருக்கின்றன. அப்போது இவை எல்லாம் கோண்ட்வானா என்ற ஒரே நிலப்பரப்பாக ஒட்டிக் கிடந்தன. குமரிக்கண்டத்துக்கு இது ஆதாரமா என்று கேட்டுப் பின்னூட்டத்தில் யாராவது வருவார்கள், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். இல்லை. குமரிக்கண்டத்தோடு சேர்த்துப் பேசப்படும் லெமூரியா என்ற மூழ்கிய நிலம், 1864-ல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர், லெமூர் என்ற குரங்கு போன்ற விலங்கின் இனங்கள் மடகாஸ்கரிலும் அவற்றின் உறவுகள் இந்தியாவிலும் இருப்பது எப்படி என்று விளக்க வைத்த ஊகம். கண்டங்களே நகர்கின்றன என்று தெரிந்தபின் அது தேவைப்படவில்லை. நம் நிலம் அண்டார்டிகாவிடமிருந்து பிரிந்தபோது மனிதனே கிடையாது.

கன்னியாகுமரியில் என்னைக் கட்டிப்போட்டது மணல்தான். குமரி அம்மனின் கல்யாணம் நின்றுபோக, சமைக்க வைத்திருந்த அரிசியும் பருப்பும் அப்படியே மணலாகிவிட்டன, அதனால்தான் இங்கே மணல் பல நிறத்தில் இருக்கிறது என்ற கதையை அம்மா பேருந்திலேயே சொல்லிவிட்டார். கரையில் இறங்கிப் பார்த்தால் கதை சொன்னவரைக் குறை சொல்ல முடியாது. கறுப்பு எள் போல ஒரு கோடு, பக்கத்திலேயே துவரம்பருப்புச் சிவப்பில் ஒரு கோடு, பிறகு அரிசி வெள்ளை.

நான் கேள்விப்பட்டிருந்த விளக்கத்தை அம்மாவிடம் சொன்னேன். பாறை உதிரும்போது அதிலுள்ள மணிகள் எல்லாம் கடலுக்கு வருகின்றன. வெள்ளையாக இருப்பது குவார்ட்ஸ், லேசானது. சிவப்பு, நாம் முட்டத்தில் பார்த்த அதே கார்னெட், அதைவிட ஒன்றரை மடங்கு கனம். கறுப்பு இல்மனைட், இன்னும் கனம். அலை வந்து இழுக்கும்போது... நான் முடிக்கவில்லை. "முறத்துல புடைச்சா பதரு முன்னாடி போயிடும், நெல்லு பின்னாடி நிக்கும்ல, அதானேடா?" என்றார். அதேதான். இதைவிட நல்ல விளக்கத்தை நான் எங்கும் படித்ததில்லை. ஆனி, ஆடியில் அலை பலமாக அடித்து ஓய்ந்த பிறகு கறுப்பும் சிவப்பும் அதிகமாகத் தெரியும், ஏனென்றால் அப்போதுதான் கடல் நன்றாகப் புடைத்திருக்கும்.

முட்டத்துக்குப் பக்கத்தில் மணவாளக்குறிச்சி என்று ஒரு ஊர் இருக்கிறது, இந்த மணலுக்குப் பேர்போனது. 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து கப்பலில் போன தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற தாது இருப்பதைக் கண்டுபிடித்தார். அதில் தோரியம் என்ற கதிரியக்க உலோகம் இருக்கிறது. அந்தக் காலத்தில் அதற்கு அணுவுலை கிராக்கி கிடையாது, கேஸ் விளக்கு மேன்டில் செய்யத்தான் வேண்டியிருந்தது. திருவிழாவில் தலையில் தூக்கிப் போவார்களே பெட்ரோமாக்ஸ், அதில் கட்டும் வெள்ளை வலைதான். அது அப்படிப் பளீரென்று எரிந்ததற்குப் பின்னால் நம் கடற்கரை மணலும் இருந்தது. மணலைப் பாட்டிலில் அள்ளிக்கொண்டு வரும் ஆசை எனக்கும் வந்தது. வேண்டாம். இந்தக் கரையில் தாதுமணல் பெரிய விவகாரம், தனியார் அள்ளுவதை அரசு 2013-ல் நிறுத்தியது. உள்ளங்கையில் எடுத்து, பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் சின்ன லென்ஸ் ஒன்றை வைத்துப் பார்த்துவிட்டு அங்கேயே போட்டுவிடுங்கள்.

கன்னியாகுமரியைத் தாண்டிக் கிழக்குக் கரையில் ஏறியதும் பெரும்பாறைகள் மறைந்துபோகும். உவரி, மணப்பாடு என்று வரும்போது நிலம் தட்டையாகி, பனையும் மணலுமாகிவிடும். பாறைப் பயணம் முடிந்துவிட்டது என்றுதான் முதல் முறை நான் நினைத்தேன். மணப்பாட்டில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மேட்டில் திருச்சிலுவைக் கோயில் இருக்கிறது. மேட்டின் கடல் பக்கச் சரிவில் புனித சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை. அவர் இந்தக் கரைக்கு வந்தது 1542-ல். அந்த மேட்டின் கல்லை விரலால் தேய்த்துப் பாருங்கள், மணல் உதிரும். லென்ஸில் பார்த்தால் சிப்பித் துணுக்குகள் தெரியும். காற்று குவித்த மணல்மேட்டில் மழைநீர் இறங்கும்போது சிப்பிகளின் சுண்ணாம்பைக் கொஞ்சம் கரைத்து, மணலுக்கு நடுவே மறுபடி படியவைக்கிறது. அந்தச் சுண்ணாம்புதான் பசை. நம் ஊரில் மணலையும் சுண்ணாம்பையும் அரைத்துக் காரை பூசினார்களே, அதே வேலையை மனிதன் இல்லாமல் செய்தால் வருவது இந்தக் கல். உதிர்ந்து கிடக்கும் துண்டைப் பொடியாக்கி எலுமிச்சைச் சாறு விட்டால் லேசாக நுரைக்கும். முட்டத்துக் கல்லில் விட்டுப் பாருங்கள், சும்மா இருக்கும். (குகையிலோ கோயில் சுவரிலோ விட்டுவிடாதீர்கள்.)

திருச்செந்தூரும் இப்படிப்பட்ட மணற்கல் மேல்தான் நிற்கிறது. முருகனின் ஆறு வீடுகளில் இது ஒன்றுதான் மலைமேல் இல்லை, கடலோரத்தில் இருக்கிறது என்போம். ஆனால் கோயில்காரர்களைக் கேட்டால் இதுவும் மலைதான், சந்தனமலை என்பார்கள். பிராகாரத்தைச் சுற்றி வரும்போது மேடு பள்ளத்தைக் கவனித்தால் அந்தப் பேச்சு வெறும் பக்தி இல்லை என்று தெரியும். வடக்கே வள்ளி குகை அந்தக் கல்லைக் குடைந்ததுதான். இந்த மணற்கல்லின் வயதை ஆயிரத்தில் எண்ண வேண்டும், மிஞ்சினால் லட்சத்தில். கோடிக் கணக்கு இங்கே கிடையாது.

நாழிக்கிணற்றில் எல்லோரும் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் உப்புக் கரிக்கவில்லையே என்று ஆச்சரியப்படுவார்கள். மணலுக்குள் இறங்கிய மழைநீர் உப்புநீரைவிட லேசானது, அதனால் அதன் மேல் மிதந்து நிற்கும். இதைச் சொன்னால் அதிசயம் குறைந்துவிடும் என்று பயந்தேன். அம்மா, "மிதக்க வச்சது யாரு?" என்று கேட்டுவிட்டு இன்னொரு வாளி ஊற்றிக்கொண்டார்.

'திருச்செந்தூரில் கடல் உள்வாங்கியது, பக்தர்கள் அச்சம்' என்று மாதத்துக்கு ஒரு முறையாவது செய்தி படித்திருப்பீர்கள். கூடவே பச்சைப் பாசி படர்ந்த பாறைகள் வெளியே தெரியும் படமும் இருக்கும். தேதியைப் பாருங்கள், பெரும்பாலும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் வரும். சூரியனும் சந்திரனும் ஒரே நேர்க்கோட்டில் இழுக்கும் அந்த நாட்களில் தண்ணீர் வழக்கத்தைவிட ஏறும், வழக்கத்தைவிட இறங்கும். இந்தக் கரையில் ஏற்ற இறக்கமே மொத்தம் ஒரு மீட்டருக்குள்தான். கரை தட்டையாக இருப்பதால் அந்தக் கொஞ்சமே பல அடி தூரம் பின்வாங்கியது போலத் தெரிகிறது. சுனாமிக்கு முன் கடல் பின்வாங்குவது வேறு. அது சில நிமிடங்களில் கிடுகிடுவென்று நடக்கும், அப்போது வேடிக்கை பார்க்காமல் ஓட வேண்டும். அமாவாசை இறக்கம் மணிக்கணக்கில் மெதுவாக நடப்பது.

பாறை பார்க்க வந்த நமக்கு அந்தச் செய்திதான் அழைப்பிதழ். வெளியே தெரியும் அந்தப் பாறைகள் அலை ஏறி இறங்கும் இடத்திலேயே உருவாகிற வகை. வெப்பக் கடற்கரைகளில், ஈரமும் வெயிலும் மாறி மாறிப் படும் மணலில் சுண்ணாம்பு படிந்து, பலகை பலகையாகக் கடலை நோக்கிச் சாய்ந்தபடி இறுகிவிடும். சில பத்தாண்டுகளிலேயே இறுகுவதும் உண்டு. உலகின் பல கரைகளில் கண்ணாடி பாட்டிலும் இரும்புத் துண்டும் உள்ளே சிக்கி இறுகிய கல்லைக் கண்டிருக்கிறார்கள். அதாவது, உங்கள் தாத்தாவைவிட இளைய கல். 55 கோடியிலிருந்து இறங்கி வந்து இதைப் பார்க்கும்போது ஏற்படும் உணர்வுக்காகத்தான் வரிசையை மாற்ற வேண்டாம் என்றேன்.

திருச்செந்தூரில் அரை நாள் மிச்சம் இருந்தால் ஆட்டோ பிடித்துத் தேரிக்குடியிருப்புக்குப் போய் வாருங்கள். செக்கச்செவேலென்ற மணல்மேடுகள், பனை, முந்திரி, நடுவில் கற்குவேல் அய்யனார் கோயில். இந்த மணலும் பெரும்பாலும் குவார்ட்ஸ்தான், ஒவ்வொரு மணியின் மேலும் மெல்லிய இரும்புத் துருப் பூச்சு, அதுதான் சிவப்பு. தேரி என்று சொல்லும் இந்தச் செம்மணல் மேடுகளில் கற்கால மனிதரின் விரல்நுனி அளவுக் கல் ஆயுதங்கள் கிடைத்திருக்கின்றன. வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுங்கள், செருப்பில்லாமல் நடக்கவே முடியாது.

ராமேஸ்வரத்தில் பாறை என்றால் அது உயிரிலிருந்து வந்தது. பாம்பன் பக்கம் வடக்குக் கரையில், இன்றைய தண்ணீர் மட்டத்துக்கு மேலே செத்த பவளத் திட்டு நிற்கிறது. சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இப்போதைவிடக் கொஞ்சம் உயர்ந்திருந்தபோது தண்ணீருக்கடியில் வளர்ந்தது. அதைத் தேடிப் போக நேரமில்லாதவர்களுக்கு எளிய வழி, 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியின் தேவாலயச் சுவர். கடையில் வாங்கிய செங்கல் என்று நினைத்து நிழலுக்கு ஒதுங்குகிறார்கள். கிட்டப் போய்ப் பாருங்கள். பூச்சு உதிர்ந்த இடத்தில் தேன்கூடு போல, நட்சத்திரம் நட்சத்திரமாகக் குழிகள் தெரியும். ஒவ்வொரு குழியும் ஒரு பவளப் பூச்சி குடியிருந்த வீடு. முருகைக்கல் என்று பழையவர்கள் சொல்லும் இதைக் கடலிலிருந்து எடுத்து வீடும் பள்ளியும் கட்டினார்கள். இப்போது பவளம் வனவிலங்குச் சட்டத்தின் உச்சப் பாதுகாப்பில் இருக்கிறது, கரையில் ஒதுங்கிய துண்டைக்கூடப் பையில் போடாதீர்கள்.

எப்போது போகலாம் என்றால், ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது. ஏப்ரல், மே மாதங்களில் குமரிக் கரையில் 'கள்ளக்கடல்' வரும். காற்றே இருக்காது, வானம் வெளுத்திருக்கும், ஆனால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே அடித்த புயலின் அலை சத்தமில்லாமல் வந்து பாறையில் நிற்பவரை இழுத்துப் போய்விடும். திருடன் மாதிரி வருவதால் மீனவர்கள் வைத்த பெயர். எச்சரிக்கை அறிவிப்பு வந்திருந்தால் பாறை எங்கேயும் போய்விடாது, இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். அடிப்பக்கம் நன்றாகப் பிடிக்கும் ரப்பர் செருப்பு, லென்ஸ், தண்ணீர், ஒரு எலுமிச்சம்பழம், இவை போதும். படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை வையுங்கள், அளவு தெரியும். நான் முதல் பயணத்தில் எடுத்த இருநூறு படங்களில் எது கூழாங்கல், எது குன்று என்று இன்றுவரை தெரியவில்லை.

மற்றபடி நாள் குறிக்கத் தினசரி காலண்டரே போதும், அமாவாசை அல்லது பௌர்ணமியைப் பார்த்துக்கொள்ளுங்கள். வரும் தை அமாவாசைக்கு ராமேஸ்வரத்தில் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். கூட்டத்தில் கால் வைக்க இடம் இருக்காது. ஆனால் கடல் நன்றாக இறங்கியிருக்கும், டிக்கெட் போட்டுவிட்டேன்.